கோடையில் பொன்மீன் தொட்டிகளின் உஷ்ணம்

பொன்மீன், அல்லது நகரவாசிகள் வழங்குகிறபடி தங்கமீன், சீன தேசத்துக் குளங்களில் வாழ்ந்த கெண்டையினத்து மீனொன்றிலிருந்து, ஆயிரம் வருஷங்களாக நிறமும் வடிவும் பார்த்துப் பொறுக்கி வளர்த்ததன் பயனாக உண்டானதாகும். அதற்கு மிகவும் ஏற்றது 18 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள நீர். நம் நாட்டுச் சமவெளியிலோ, சித்திரை வைகாசி மாதங்களில் வெயில்படும் சிமெண்டுத் தொட்டியொன்றின் நீர் பிற்பகலில் 33, 34 டிகிரிக்கு ஏறுவது அபூர்வமன்று. சென்னையில் மே மாதத்துப் பகல் உஷ்ணம் 37, 38 டிகிரியை எட்டுவது வழக்கம். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அது 45 டிகிரியையே தொட்டது. குளிர்ந்த நீருக்குரிய ஒரு பிராணியை இத்தகைய சீதோஷ்ணத்தில் வளர்த்து லாபம் காண்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சென்னையிலுள்ள கொளத்தூர்ப் பகுதியிலும், திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும், அழகு மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு ஜீவனமாக இருந்து வருகிறது. வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ பத்துப் பதினைந்து தொட்டிகள் கட்டி, கடனாகப் பணம் பெற்றுத் தாய்மீன்கள் வாங்கி, கணவனும் மனைவியுமாக இத்தொழிலை நடத்துவோர் அநேகர். தாய்மீன் ஒன்று நல்ல உருவமும் நிறமும் பெற்று முட்டையிடத் தகுதியாவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்த தொட்டி முழுவதும் ஒரே இரவில் வெள்ளை வயிறு காட்டி மிதக்குமாயின், நஷ்டம் அந்த மீன்களின் விலையோடு நிற்பதில்லை. அடுத்த பருவத்துக் குஞ்சுகளும், அவற்றை நம்பி வாங்கிய கடனும் அதில் அடங்கும்.

இவ்வகைச் சாவுகளில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. கடும் வெயில் எரிக்கும் பகல் இரண்டு மணிக்கு மீன்கள் அநேகமாகச் சாவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே, நீர் அன்றைய தினத்திலேயே மிகக் குளிர்ந்திருக்கும் வேளையில்தான் சாகின்றன. வளர்ப்போர் இதனைக் கண்டு மயங்கி, இரவில் யாரோ விஷமிட்டதாகச் சந்தேகிப்பதும், தீனி விற்றவர்மேல் பழி சொல்வதும் உண்டு. உண்மைக் காரணம் வேறு.

உஷ்ணம் மட்டுமே பொன்மீனைக் கொல்வதற்கு மிக அதிகமாக ஏற வேண்டும். கானடா தேசத்து டொராண்டோ நகரில் பிரை என்பாரும் அவர்தம் துணைவரும் இளம் பொன்மீன்களைப் பல்வேறு உஷ்ண நிலைகளில் பழக்கிப் பரீட்சித்து, 1942ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டனர். படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கப்பட்ட மீன், ஏறக்குறைய 41 டிகிரி வரையில் தாங்கும் என்பது அதனால் தெரியவந்தது. பழகிய நீரின் உஷ்ணம் மூன்று டிகிரி உயர்ந்தால், மீன் தாங்கும் எல்லையும் ஒரு டிகிரி உயர்கிறது. ஆகவே 34 டிகிரி நீரில் உள்ள மீன், அச்சூட்டினாலேயே மாய்ந்துபோவதென்பது இல்லை. சூடு தன்னோடு அழைத்து வரும் துணைகளே கொலையாளிகள். அவை இரண்டு: ஒன்று பிராணவாயுக் குறைவு, மற்றொன்று அம்மோனியா.

நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம், 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. இக்குறைவு பெரிதன்று என்று தோன்றலாம். ஆனால் மீன் உஷ்ண ரத்தப் பிராணியன்று. நீர் சுடச்சுட அதன் உடலும் சுட்டு, சுவாசமும் செரிமானமும் வேகமடைகின்றன. பத்து டிகிரி ஏறினால் அது செலவிடும் பிராணவாயு சுமார் இரண்டு பங்காகிறது. வரவு குறைந்து செலவு இரட்டிக்கும் குடும்பத்தின் நிலைமை எதுவோ அதுவே கோடைத் தொட்டியின் நிலைமையும்.

பொன்மீன் இவ்விஷயத்தில் மிகவும் உறுதி வாய்ந்த ஜாதி என்பதையும் சொல்ல வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில், பிராணவாயு அறவே இல்லாதபோதும், தன் உடலில் உண்டாகும் கழிவைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிச் சில நாட்கள் உயிர் தரிக்கும் அதிசய சக்தி அதற்கு உண்டு. ஆனால் நீர் சூடாக ஆக அச்சக்தி நாட்களிலிருந்து மணிகளாகச் சுருங்கிவிடுகிறது. கோடையில் அதனை நம்பியிருப்பதற்கில்லை.

இனி விடியற்காலைச் சாவின் காரணத்தைப் பார்ப்போம். தொட்டி நீர் பச்சையாக இருப்பது அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி நிறைந்திருப்பதால். பகலில் பாசி, சூரிய வெளிச்சத்தால் பிராணவாயுவை வெளிவிடுகிறது. ஆகவே பிற்பகலில், எவ்வளவு சூடாக இருந்தபோதிலும், மீன்களுக்கு மூச்சு முட்டுவதில்லை. பொழுது சாய்ந்ததும் அதே பாசி பிராணவாயுவை உட்கொள்ளத் தொடங்குகிறது. மீன்களும் உட்கொள்கின்றன. தொட்டியடியில் கிடக்கும் தின்னாத தீனியும் எருவும் அழுகும்போது, அழுகலை உண்டாக்கும் கிருமிகள் இவ்விரண்டையும்விட அதிகமாகவே உட்கொள்வதுண்டு. இரவெல்லாம் செலவு நடந்து, கையிருப்பு தீர்ந்துபோகும் நேரம் விடியற்காலை. குளிர்காலத்தில் இதே தொட்டி, இதே மீன், இதே தீனியாக இருந்தும் விபத்து நேராதிருப்பதற்குக் காரணம், செலவு பாதியாக இருந்து கையிருப்பு சூரியோதயம் வரை தாங்குவதே.

அம்மோனியாவின் வேலை பகலில். மீன் செவுள் வழியே விடும் கழிவு அம்மோனியாவாகும். அது நீரில் இருவகையாக நிற்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கற்றது, மற்றொன்று செவுளை எரிக்கும் விஷம். நீரின் கார நிலை எட்டாக இருக்கையில், 20 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவே விஷ வகை. 30 டிகிரியில் ஏழரைப் பங்கு. பச்சை நீரில் பிற்பகலில் காரம் ஒன்பதுக்கு ஏறிவிடுமானால், 30 டிகிரியில் அது நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்காகிவிடுகிறது. விடியலில் எல்லா மீன்களும் ஒருங்கே மேலே வந்து வாய் பிளந்தால் பிராணவாயுக் குறைவென்றும், நடுப்பகலில் மீன்கள் தீனி தொடாமல், செவுளைப் படபடவென அடித்து மூலையில் ஒதுங்கினால் அம்மோனியாவென்றும் முதலில் சந்தேகிப்பது தகும்.

நோயை அறிந்தபின் மருந்துக்கு வருவோம். முதலாவதாக வாங்க வேண்டியது ஒரு உஷ்ணமானி. மீன் பண்ணைகளுக்குள் நுழைந்து பார்த்தால், விலையுயர்ந்த ஜப்பானியத் தீனி மூட்டைகள் காணப்படும். சொற்ப விலையுள்ள உஷ்ணமானி காணப்படாது. கையை நீரில் விட்டுப் பார்ப்பது பிரயோஜனமற்றது. வெயிலில் வந்த கைக்கு 32 டிகிரி நீரும் குளுமையாகவே தோன்றும். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், நீரின் மேல்பரப்பிலன்றி, மீன்கள் தங்கும் ஆழத்தில் உஷ்ணமானியை இரண்டு நிமிஷம் வைத்துப் பார்த்து, தொட்டிவாரியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். பத்து நாட்கள் எழுதினால் எந்தத் தொட்டி மேற்கு வெயிலில் அகப்பட்டுச் சுடுகிறது, எது தானே குளிர்ந்து நிற்கிறது என்பது விளங்கிவிடும். தாய்மீன்களை எங்கே வைப்பதென்பதை அதன் பின்னரே தீர்மானிக்கலாம்.

சூடேறிய நீரைக் குளிர்விப்பதைவிடச் சூடேறாமல் தடுப்பதே எளிது, செலவும் குறைவு. தென்னங்கீற்றுக் கொட்டகைக்கு நிகரான நிழல் இல்லையென்றே சொல்லலாம். இப்போது பச்சை நிழல்வலை எங்கும் கிடைக்கிறது, அதுவும் நல்லதே. எதுவாயினும், தொட்டிக்கு மேலே ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் கட்ட வேண்டும். வலையைத் தொட்டியின் வாயோடு ஒட்டி இழுத்துக் கட்டுவோர் உண்டு. அது காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைத்து, பாதி நன்மையைக் கெடுத்துவிடும். மேற்குப் பக்கத்தில் கீற்றுத் தட்டி ஒன்று சாய்த்து வைத்தல் அவசியம். மூன்று மணிக்கு மேல் சாய்ந்து விழும் வெயில் தொட்டிச் சுவரைச் சுடவைத்து, அச்சூடு இரவு வரை நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் பயன் தரும். உட்புறம் அடிக்கலாகாது, சுண்ணாம்பு நீரின் காரத்தை ஏற்றிவிடும். கறுப்புத் தார்ப்பாலின் தொட்டிகள் மலிவானவையேனும் கோடைக்கு ஏற்றவை அல்ல. புதிதாகத் தொட்டி கட்டுவோர், அதன் பாதி உயரம் தரைக்குள் இருக்கும்படி கட்டுவாராயின், மண்ணின் குளுமை இயல்பாகவே கிடைக்கும். மாடித் தொட்டிக்கு இந்த வசதி இல்லை. அங்கே நிழல் இருமடங்கு அவசியம்.

மண்பானையில் வைத்த ஜலம் குளிர்ந்திருப்பதன் காரணம் யாவரும் அறிந்ததே. பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய உஷ்ணத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, 580 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிரச் செய்யும் அளவு உஷ்ணம் வெளியேறுகிறது. ஆறடி நீளமும் நாலடி அகலமும் ஒன்றரையடி ஆழ நீரும் உள்ள தொட்டி சுமார் ஆயிரம் லிட்டர் கொள்ளும். அதில் ஒரு நாளில் கால் அங்குல நீர் ஆவியானால், அது சுமார் 14 லிட்டர். அவ்வளவும் சேர்ந்து தொட்டியை எட்டு டிகிரி குளிர்விக்கப் போதுமான உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. வெயிலும் அனலும் மறுபுறம் சூட்டை ஊட்டிக்கொண்டே இருப்பதால் எட்டு டிகிரியும் நமக்குக் காணக் கிடைப்பதில்லை. எனினும் இந்த ஆவியாதல் தடைப்பட்டால் தொட்டியின் கதி என்னவாகும் என்பதை இக்கணக்கு காட்டும். ஆகவே நீர்ப்பரப்பின்மேல் காற்று ஓட வழி செய்ய வேண்டும். சுவர்களின் வெளிப்புறம் கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, பகல் பதினோரு மணி முதல் அவ்வப்போது நனைத்து வருவதும் நல்ல முறை. வறண்ட மேல்காற்று வீசும் ஊர்களில் இது மிகவும் பலிக்கும். சென்னைபோன்ற கடலோரத்தில், கடற்காற்று புகுந்தபின் காற்றிலேயே ஈரம் மிகுவதால், பலன் அவ்வளவு இராது. அங்கே மேல்காற்று வீசும் முற்பகலில் சாக்கை நனைப்பதுதான் பொருந்தும். ஆவியாவது நீரே தவிர, அதிலுள்ள உப்புக்களும் கழிவும் அல்ல. குறைந்த அளவுக்கு நீர் ஊற்றிக்கொண்டே வந்தால் போதுமென்று எண்ணி, பழைய நீரைக் கழிக்காமலிருப்பது இதனால் தவறாகும்.

பனிக்கட்டி போடும் வழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது. மேற்சொன்ன ஆயிரம் லிட்டர்த் தொட்டியை மூன்று டிகிரி குளிர்விக்க சுமார் 28 கிலோ பனிக்கட்டி வேண்டும். மறுநாள் பகலில் மீண்டும் அவ்வளவு வேண்டும். இது கட்டுப்படியாகாத காரியம். சிறு கண்ணாடித் தொட்டியிலோ இதற்கு மாறான அபாயம்: 40 லிட்டர் நீரில் ஒரு கிலோ பனிக்கட்டி, சில நிமிஷங்களில் இரண்டரை டிகிரிக்கு மேல் குளிர்வித்துவிடும். 32 டிகிரியில் பழகிய மீனுக்கு இத்தகைய திடீர் மாறுதல் அச்சூட்டைக் காட்டிலும் கெடுதல். மணிக்கு ஒரு டிகிரி அளவில் மெதுவாகக் குளிர்விப்பதே நல்லது. வேறு வழியில்லாதபோது, மூடிய சிறு புட்டியில் நீர் உறைய வைத்து மிதக்கவிடலாம். பனிக்கட்டியை நேரே நீரிலிடலாகாது. வீட்டுத் தொட்டிக்கு இதைவிடவும் சிறந்த உபாயம், கண்ணாடி மூடியை அகற்றி வலை மூடியிட்டு, ஒரு மேசை மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பில் சாய்வாகப் படும்படி வைப்பதே. இதனால் இரண்டு மூன்று டிகிரி குறையும். தொட்டி விளக்கைப் பகலில் அணைத்து வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நீர் மாற்றுவதில் நேரும் பிழைகள் பல. வெயில் தாளாமல் மீன் தவிப்பதைக் கண்டு, நண்பகலில் குழாயைத் திறந்துவிடுவது ஒன்று. மாடியிலுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து அந்நேரம் வருவது தொட்டி நீரைவிடச் சூடான நீராகவே இருக்கும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் குளுமையாக இருப்பினும், பூமிக்கடியில் காற்றுபடாமல் நின்ற காரணத்தால் அதில் பிராணவாயு மிகக் குறைவு. நேரே பாய்ச்சினால் மூச்சுமுட்டும் மீனுக்கு அது உபகாரமன்று. நகரசபைக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆகையால் எந்த நீரானாலும், நிழலிலுள்ள தனித் தொட்டியொன்றில் ஒருநாள் முழுவதும் காற்றுக் குழாய் விட்டு நிறுத்தி வைத்து, மறுநாள் அதிகாலையில், இரு நீருக்கும் உஷ்ண வித்தியாசம் குறைவாயிருக்கும்போது மாற்ற வேண்டும். முதலில் ரப்பர்க் குழாயால் அடிமண்டியை உறிஞ்சி எடுத்துவிட்டு, நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் புது நீர் சேர்க்கலாம். கோடையில் வாரம் இருமுறை இவ்வாறு செய்தல் உசிதம்.

தீனி விஷயம் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. கையில் பணம் இல்லாதவரும் செய்யக்கூடியது. சூட்டில் மீன் பசியோடு வந்து வாயைத் திறப்பது உண்மையே. அது கேட்கும் அளவு போடுபவர், இரவில் அது சுவாசிக்க வேண்டிய பிராணவாயுவைச் செலவழிக்கிறார். காலை நீர் 30 டிகிரிக்குக் குறையாத நாட்களில் வழக்கத்தில் பாதியே போட வேண்டும். அதையும் சூரியன் ஏறி நீரில் பிராணவாயு சேர்ந்தபின், காலை எட்டு மணி அளவில், ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே இட வேண்டும். மாலைத் தீனி கோடையில் அறவே கூடாது. விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்த நாளில் தீனியே போடலாகாது. வளர்ந்த பொன்மீன் சில நாள் பட்டினியால் சாவதில்லை. அதேபோல், பங்குனி முடிவதற்குள் விற்கத்தக்க மீன்களை விற்று, தொட்டியில் மீன் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். விலை ஏறட்டுமென்று காத்திருந்து, நெருக்கமான தொட்டிகளோடு கத்திரி வெயிலைச் சந்திப்பது சூதாட்டமேயாகும்.

காற்று மோட்டார் உள்ளவர்கள், அதனை நாள் முழுதும் ஓட்ட இயலாவிடில், பச்சை நீர்த் தொட்டிகளில் இரவு ஒன்பது மணி முதல் சூரியோதயம் வரையிலாவது ஓட்ட வேண்டும். பகலில் ஓட்டி இரவில் மின்சாரச் செலவுக்கு அஞ்சி நிறுத்துவோர், வேண்டாத நேரத்தில் கொடுத்து வேண்டிய நேரத்தில் மறுக்கிறார்கள். கோடையில் இரவு மின்தடை ஏற்படுவதுண்டாதலால், மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் ஒன்று தாய்மீன் தொட்டிக்கேனும் இருத்தல் நல்லது. அதுவும் இல்லாத வீட்டில் விடியற்காலை மீன்கள் மேலே வந்துவிட்டால், தோட்டத்துப் பூவாளியைக் கொண்டு, அத்தொட்டி நீரையே மொண்டு, தோளுயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் சொரிய வேண்டும். ஒவ்வொரு துளியும் விழும்போது காற்றைக் கலந்துகொண்டு இறங்கும். அரை மணி நேரம் விடாமல் செய்தால் பெரும்பாலான மீன்கள் தப்பும்.

ஆகாயத்தாமரை முதலிய மிதக்கும் செடிகளை நிழலுக்காக விடுவதுண்டு. மூன்றில் ஒரு பங்கு நீர்ப்பரப்பை அவை மூடலாம். முழுவதும் மூடவிட்டால் காற்று நீரோடு கலக்க இடமின்றி, நிழல் தந்த நன்மையைவிடத் தீமை மிகும்.

ஜாதிக்கு ஜாதி தாங்கும் சக்தி வேறுபடும். நீண்ட உடலும் ஒற்றை வாலும் உடைய காமெட், ஷூபன்கின் வகைகள் கோடையை எளிதில் கடக்கும். உருண்ட உடலும் தலைக்கொண்டையும் கொண்ட ஒராண்டா முதலியன முதலில் தளரும். நிழலும் காற்றும் மிகுந்த தொட்டிகளை இவற்றுக்கே ஒதுக்க வேண்டும். நோய்களைப் பொறுத்தவரை, வெண்புள்ளி நோய் 30 டிகிரிக்கு மேல் தானே அடங்குவதைக் கண்டு சூட்டை நண்பனாக எண்ணுவோர் உளர். செவுளையும் துடுப்பையும் அரிக்கும் கிருமிகளும், உடலில் குத்தி நிற்கும் நங்கூரப் புழுவும் அதே சூட்டில்தான் விரைவாகப் பெருகுகின்றன என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

முட்டையிடச் செய்யும் வேலையைக் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள குளிர்ந்த மாதங்களோடு முடித்துக்கொள்வது உத்தமம். கடும் சூட்டில் இட்ட முட்டைகள் விரைவில் பொரிக்குமேயன்றி, வளைந்த முதுகும் குறைவுபட்ட துடுப்பும் உள்ள குஞ்சுகள் அவற்றில் அதிகம். அவை சந்தையில் விலைபோகா.

கோடை மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைகாசியில் இடியோடு வரும் மழை மனிதருக்கு இன்பமானது. திறந்த தொட்டிக்கு அப்படியன்று. 33 டிகிரி நீரின்மேல் குளிர்ந்த மழை கொட்டினால் சில நிமிஷங்களில் உஷ்ணம் பல டிகிரி இறங்குவதோடு, மாடியிலும் கூரையிலும் சேர்ந்த தூசியும் உள்ளே வடியும். வானம் கறுத்தவுடன் தொட்டிகளின்மேல் தார்ப்பாலினை இழுத்து மூடி, மழை நின்றதும் உடனே அகற்றிவிட வேண்டும். அடுத்த நாளும் மேகமூட்டமாக இருந்தால், வெயிலின்றிப் பாசி பிராணவாயுவைக் குறைவாகவே வெளிவிடும். அன்றிரவு முழுவதும் காற்று மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி, தீனியையும் நிறுத்தி வைக்க வேண்டும்.